துரு யாருடையது?

பழைய சுமை வண்டியை வைத்துப் பிழைப்போர் எவரும் ஒரு நாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும். வண்டியின் அடியில் துரு ஏறிவிட்டது. செப்பனிடுவதா? விற்றுவிடுவதா? அல்லது ஓடும் மட்டும் ஓட்டுவதா? பார்த்த மாத்திரத்தில் இது பணத்தைப் பற்றிய கேள்வியாகத் தோன்றும். சற்று நின்று நோக்கினால் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி என்பது விளங்கும்.

பிக்கப் வண்டி ஓட்டும் அன்பர்கள் சிலர் கூட்டம் முடிந்தபின் நம்மிடம் இதனைப் பலமுறை கேட்டிருக்கின்றனர். அவர்கள் வாதத்தின் சாரம் இதுதான்: 'துருவை நான் உண்டாக்கவில்லை. கடற்காற்றும் மழையும் உண்டாக்கின. நான் செய்யாத ஒன்றுக்கு நான் ஏன் பொறுப்பாளி ஆக வேண்டும்?' இது சோம்பேறியின் வாதமன்று. நாள்தோறும் உழைத்துக் களைத்தவனின் வாதம். ஆகவே மதித்து ஆராய வேண்டிய வாதம்.

இரும்பும் துருவும் அறநூல்களில் உவமையாக வழங்கி வருவதை வாசகர் அறிவர். இங்கே நாம் உவமையை நாடவில்லை. மெய்யான இரும்பையும், மெய்யான துருவையும், அதன்மேல் ஏறிச் செல்லும் மெய்யான மனிதரையும் பற்றியே பேசப் போகிறோம். பொருளின் இயல்பை அறியாமல் அதைப் பற்றி அறம் உரைத்தால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். எனவே முதலில் துரு என்பது யாது எனக் காண்போம்.

இரும்புக்கு நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே கிடைத்தால் துரு பிறக்கிறது. இரண்டில் ஒன்று இல்லையேல் துருவும் இல்லை. நீரோடு உப்புச் சேர்ந்துவிட்டால் அந்நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். அதனால் அரிப்பு விரைவுபடும். துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே அது மேலுள்ள வண்ணப்பூச்சைக் கீழிருந்து தூக்குகிறது. கதவின் ஓரத்தில் நாம் காணும் சிறு கொப்புளம் அவ்வாறு உண்டானதே. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே வேலை நெடுநாளாக நடந்திருக்கும். மேலும் அலுமினியத்தின்மீது படியும் படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. துருவோ அப்படிக் காப்பதில்லை. நுண்துளைகள் நிறைந்ததாகையால் ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்து, மேலும் மேலும் இரும்பைத் தின்னக் கொடுக்கிறது.

பஞ்சாலையில் உழைத்த நாள்களில் இதனை நாம் கண்ணாரக் கண்டோம். நூல் அறாமலிருக்க வேண்டித் தறிக்கூடத்தில் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். நூலுக்கு நன்மை செய்த அதே ஈரம் இரும்புக்குக் கேடு செய்தது. எண்ணெய் பட்டு ஓடிக்கொண்டிருந்த தறியைவிட, பூட்டிக் கிடந்த தறியே விரைவில் சிவந்தது. கவனிப்பு நின்ற இடத்தில் துரு தொடங்கும் என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை, தறிதான் சொல்லிற்று.

இனி மும்பையின் மீன் வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. 1875 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சசூன் டாக் போன்ற துறைகளிலிருந்து விடியுமுன் மீன் பெட்டிகள் பிக்கப் வண்டிகளில் ஏறுகின்றன. பெட்டியிலுள்ள பனிக்கட்டி உருகுகிறது. மீனின் உப்புநீர் அதனோடு கலந்து தளத்தின் இடுக்குகள் வழியே கீழே சொட்டுகிறது. சொட்டும் இடமோ வண்டியின் முதுகெலும்பாகிய சேசிஸ். உட்குடைவான பாகங்களில் நீர் வடிவதற்கென்று தயாரித்தவர்கள் துளைகள் வைத்திருக்கிறார்கள். சேறும் மீன் செதிலும் அத்துளைகளை அடைத்துவிட்டால் உப்புநீர் உள்ளேயே தங்கும். அப்பொழுது இரும்பு உள்ளிருந்து வெளியே அரிபடுகிறது. வெளித்தோற்றம் நன்றாயிருக்கும், திருப்புளியால் ஓங்கிக் குத்தினால் அது உள்ளே போய்விடும்.

வண்டியின் துருவை நாம் மூன்றாகப் பிரித்துக் காணலாம். தோலில் ஏறிய துரு ஒன்று. கதவு, தளத்தின் பக்கத் தகடு, கேபினின் ஓரம் ஆகியவற்றில் காண்பது. இது பார்வைக்குத் தீங்கு; விலைக்குத் தீங்கு; உயிருக்கு உடனடித் தீங்கன்று. மூட்டுகளில் ஏறிய துரு இரண்டாவது. கேபினின் தரை, தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், பிளேட்டுகள் மாட்டியிருக்கும் கொக்கிகள், பிரேக் எண்ணெய் ஓடும் இரும்புக் குழாய்கள் ஆகியவற்றில் காண்பது. இவற்றைக் காலத்தில் கவனித்தால் மாற்றிவிடலாம்; கவனியாவிட்டால் ஆபத்து. எலும்பில் ஏறிய துரு மூன்றாவது. சேசிஸின் நீண்ட இரு சட்டங்களையும், ஸ்டீரிங் பெட்டி பொருத்தியிருக்கும் இடத்தையும் தின்பது. இதனைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டே அறியலாம். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரிபட்டது மொத்தென்று ஒலித்து ஏடு ஏடாக உதிரும்.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் மக்கள் இரு வகையிலும் தவறுகிறார்கள். தோலின் துருவைக் கண்டு அஞ்சி நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார் ஒருவர். எலும்பின் துருவைத் தோலின் துரு என்று எண்ணி வண்ணம் அடித்து ஓட்டுகிறார் மற்றொருவர்.

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் வண்டியின் மூட்டுகளைச் செப்பனிட 48,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். செப்பனிட்டால் இன்னும் 24 மாதம் ஓடும் என்றும் கொள்வோம். மாதத்திற்கு 2,000 ரூபாய் ஆகிறது. புதிய வண்டி வாங்கினால் தவணை மாதம் 15,000 ரூபாய் என்று கொண்டால், செப்பனிடுவதே அறிவுடைமை என்பது தெளிவு. 'பழையதில் எவ்வளவு கொட்டினாலும் வீண்' என்று பலர் சொல்லும் சொல் பெரும்பாலும் பொய்க்கணக்கு. ஏழைக்குப் பழையதைப் பேணுவது இழிவன்று, அது திறமை.

ஆனால் இதே கணக்கில் வேறொரு பிழையும் நுழையும். 'சென்ற ஆண்டுதான் 70,000 ரூபாய் செலவழித்தேன். இப்போது எப்படி விடுவது?' என்கிறார் ஒருவர். சென்ற ஆண்டின் 70,000 ரூபாய் இனி எந்த முடிவினாலும் திரும்பப் போவதில்லை. விட்டாலும் வராது, விடாவிட்டாலும் வராது. இனிச் செலவழிக்கப் போவதையும், இனிக் கிடைக்கப் போகும் உழைப்பையும் மட்டுமே ஒப்பிட வேண்டும். போன பணத்தின்மேல் வைத்த பற்று, வரப் போகும் பணத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இப்பற்றினால் வீடு, நிலம், வழக்கு என்று எத்தனையோ குடும்பங்கள் அழிந்ததை நாம் அறிவோம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. மேற்கண்ட கணக்கில் ஒருவர் மட்டும் விடுபட்டுவிட்டார். பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு, சுமையோடு சுமையாய்ப் பின்னால் உட்கார்ந்து வருகிறானே கூலியாள், அவனுடைய முதுகுத்தண்டு எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது? எதிரே மிதிவண்டியில் வரும் பால்காரனின் கால்கள் எந்த வரிசையில்? தம் பணத்தைச் சூதாட ஒருவருக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்ளலாம். பிறர் உடலை வைத்துச் சூதாட எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே எலும்பில் துரு ஏறிய வண்டிக்குச் செலவுக் கணக்கு பேசுவதில் பொருளில்லை. அங்கே கேள்வி வேறாகிவிடுகிறது.

இனி, பட்டறைக்குச் செல்வோம். 'அண்ணே, அடியில் கறுப்பு அடித்துக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஆள் பார்க்க வருகிறார்' என்ற பேச்சைக் கேளாத பட்டறை உண்டா? மெக்கானிக் தயங்கினால், 'நீங்கள் அடிக்காவிட்டால் பக்கத்துக் கடையில் அடிப்பார்கள்' என்ற பதில் தயாராக இருக்கும். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் தார் பூசினால் பூச்சுக்கு அடியில் ஈரம் சிறைப்பட்டு, அரிப்பு மறைவில் தொடரும். ஓட்டையில் துணியும் பட்டியும் திணித்துத் தேய்த்து வண்ணம் அடித்தால் கண்ணுக்கு இரும்பு போலத் தோன்றும். சுமை வந்தால் சுண்ணாம்பு போல உடையும்.

மெய்யான செப்பம் எவ்வாறு செய்யப்படுகிறது? பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அரிபட்ட தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனமுள்ள புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கம்பி பிரஷால் சுற்றிலும் சுத்தம் செய்து, ரெட் ஆக்சைடோ துத்தநாகப் பூச்சோ அடித்து, அதன்மேல் வண்ணம் பூச வேண்டும். குழல்களின் உட்புறத்திற்கு எண்ணெயோ மெழுகோ செலுத்தி, வடிகால் துளைகளைத் திறந்து விட வேண்டும். சேசிஸின் நீண்ட சட்டங்களிலோ கண்டபடி வெல்டிங் வைக்கலாகாது; தவறான இடத்தில் வைத்த சூடு இரும்பின் வலிமையைக் கெடுத்துப் புதிய விரிசலுக்கு வழி செய்யும். இவ்விரண்டு வேலைகளுக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை சிறிது. விலையில் வேற்றுமை பெரிது. ஆகவேதான் பொய்ச் செப்பம் சந்தையில் வெல்லுகிறது.

விற்பவன் வாயைத் திறவாமல் இருந்தால் அது குற்றமா? இக்கேள்விக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறது. அதன் 17 ஆம் பிரிவின்படி, ஒரு குறையை அறிந்திருந்தும் முயன்று மறைப்பது மோசடி. வெறுமனே பேசாதிருப்பது மட்டும் பொதுவாக மோசடியன்று. சட்டம் காட்டும் உதாரணம் ஒரு குதிரை. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடியாகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவள் அவனுடைய மகளாகவும், அப்போதுதான் சட்டப்படி வயது வந்தவளாகவும் இருந்தால், உறவின் காரணத்தால் அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறையில்லை என்று கொள்வேன்' என்று வாங்குபவர் சொல்லும்போது, விற்பவன் பேசாதிருந்தால் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம் என்றும் சொல்கிறது.

இச்சட்டத்தை எழுதியவர்கள் சந்தை நடைபெற வேண்டிய அளவுக்கு நேர்மையை வகுத்தார்கள். அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, துருவின்மேல் பூசிய தார் மௌனமன்று. அது மறைப்பு. சட்டத்தின் அளவுகோலாலேயே அது மோசடிப் பக்கத்தில் விழுகிறது. இரண்டாவது, மகளிடம் சொல்ல வேண்டும், அயலானிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற கோடு சட்டத்திற்குப் போதும், ஒழுக்கத்திற்குப் போதாது. மகளிடம் ஏன் சொல்கிறோம்? அவள் நம்மை நம்பி வருகிறாள். அவளுக்கு வேறு துணையில்லை. பழைய பிக்கப் வண்டியை வாங்க வருபவன் யார்? நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, முதன்முதலாகச் சொந்த வண்டி என்ற கனவோடு வருபவன். சேசிஸின் அடியில் படுத்துப் பார்க்க அவனுக்குத் தெரியாது. அவனும் நம்மை நம்பித்தான் வருகிறான்.

இங்கே துருவின் பயணத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வண்டி புதிதாக இருக்கும்போது பெரிய வணிகரிடம் இருக்கிறது. சில ஆண்டுகள் உழைத்தபின் சிறிய வணிகரிடம் வருகிறது. பிறகு ஓட்டுநரே உரிமையாளராக இருப்பவரிடம். பிறகு அவரினும் ஏழையிடம். கடைசியில் சான்றிதழ் கேட்பார் இல்லாத ஏதோவொரு சிற்றூரில் செங்கல் சுமக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பூச்சு ஏறுகிறது. துரு அப்படியே கீழே இறங்குகிறது. மேலே இருப்போரின் கழிவெல்லாம் கீழே இருப்போரின் தலையில் வந்து சேரும் ஏற்பாட்டை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். அதை வெறுத்தவர்கள், நமக்குக் கீழே ஒருவன் கிடைத்தான் என்றதும் அதே ஏற்பாட்டை நடத்தலாமா?

இனி முதலில் எழுந்த வாதத்திற்கு வருவோம். 'துருவை நான் உண்டாக்கவில்லை.' உண்மைதான். ஆனால் உண்டாக்கியவனே பொறுப்பாளி என்ற விதி எங்கிருந்து வந்தது? தெருவில் மூடியில்லாத சாக்கடைக் குழியைக் காண்கிறோம். குழியை நாம் தோண்டவில்லை. ஆயினும் பின்னால் வரும் குருடரை எச்சரிக்காமல் போனால், நம்மை யாரேனும் நல்லவர் என்பார்களா? பழி வேறு, பொறுப்பு வேறு. பழி செய்தவனைச் சேரும். பொறுப்போ கண்டவனைச் சேரும். துருவின் பழி கடலுடையதாகவும் மழையினுடையதாகவும் இருக்கட்டும். அதைத் திருப்புளியால் குத்திப் பார்த்த அந்த நொடியிலிருந்து பொறுப்பு நம்முடையது. கண்டவன்மேல் ஏறிய கடன் இது.

பழியை ஏற்காமலே பொறுப்பை ஏற்கலாம் என்பதற்கு வணிக உலகிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டிகளின் அடிப்பாகத்தைத் தின்கிறது. 1995 முதல் 2000 வரையான டொயோட்டா டகோமா பிக்கப் வண்டிகளின் சேசிஸ் அளவுக்கு மீறித் துருப்பிடித்தபோது, அந்நிறுவனம் 2008 இல் துருவுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. செப்பனிட இயலாத வண்டிகளைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிற்கால வண்டிகள் பற்றி உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 2016 இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சுமார் 15 லட்சம் வண்டிகளை அது தழுவியது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணிக்கப்பட்டது. தவறு தம்முடையது என்று நிறுவனம் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. பெருந்தன்மையினால் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டார்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் 'நாங்கள் உண்டாக்கவில்லை' என்ற சொல்லோடு கதை முடிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'அப்படியானால் பாராமல் இருப்பதே மேல், கண்டால்தானே கடன்?' என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அவர் ஏன் பாராமலிருக்கிறார்? பார்த்தால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருப்பதால்தான். அடியில் படுக்க அஞ்சுகிறவர் முன்னமே கண்டுவிட்டவர். அறியாமை வேறு, அறிய மறுப்பது வேறு. முன்னது இரக்கத்திற்குரியது. பின்னது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மறைப்பு. தாருக்குப் பதிலாக இமையைப் பூசுவது.

'அரசாங்கம் சான்றிதழ் கொடுத்துவிட்டதே' என்பார் இன்னொருவர். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 56 ஆம் பிரிவின்படி சுமை வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். 2018 இல் திருத்திய விதியின்படி எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடே. ஆனால் அதிகாரி ஆண்டில் ஒரு நாள், சில நிமிடம் காண்கிறார். ஓட்டுபவர் மீதி 364 நாளும் காண்கிறார். சான்றிதழ் அதிகாரியின் கண்ணுக்குச் சாட்சி. ஓட்டுபவரின் கண்ணை அது மூடிவிடாது.

கடைசி வாதமே கடினமானது. 'எல்லாம் சரி, எனக்குக் கட்டுபடியாகவில்லையே? உண்மையைச் சொன்னால் வண்டி பாதி விலைக்குப் போகும். வாங்க வந்தவனும் என் உண்மையைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் கறுப்பு அடித்த இதைவிட மோசமான வண்டியை வாங்கிக்கொண்டு போவான். எனக்கும் நட்டம், அவனுக்கும் நன்மையில்லை.' இது நடக்கக்கூடியதே. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று பொய் சொல்லி நாம் யாரையும் நேர்மைக்கு அழைக்க மாட்டோம். அந்த அன்பர் நட்டமடையலாம். ஒருவரும் அவரைப் பாராட்டாமலும் போகலாம். அந்த நட்டத்தைக் கொடுத்து அவர் வாங்குவது ஒன்றே ஒன்று. ஏதோவொரு மலைச் சரிவில் ஒரு சேசிஸ் முறியும் நாளில், முறிந்த இடத்தின்மேல் அவர் பூசிய பூச்சு இராது. இது சிறிய பொருளா பெரிய பொருளா என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நிறுத்துப் பார்க்கட்டும்.

ஆயினும் ஏழையின்மேல் ஏற்றும் கடமைக்கு அளவு வேண்டும். கையில் இல்லாததைக் கொடு என்று கேட்பது அறமன்று. எனவே கட்டுபடியாகும் கடமைகள் எவை எனச் சொல்வோம். பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். மழைக்கு முன் மே மாதத்தில் ஒரு முறை, மழைக்குப் பின் அக்டோபரில் ஒரு முறை அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கழுவுவதற்கு மிகுந்த பணம் வேண்டாம். மீன் இறக்கியவுடன் நல்ல நீரால் தளத்தையும் அடியையும் கழுவி, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். எலும்பில் துரு கண்டால், முடிவு செய்யும்வரை அவ்வண்டியில் ஆளை ஏற்றாதீர்; முழுச் சுமையும் ஏற்றாதீர். விற்கும்போது கண்டதைச் சொல்லுங்கள். எலும்பு போய்விட்டதெனில் அதை வண்டி என்று விற்காதீர். இரும்பு என்று விற்றுவிடுங்கள். 2021 ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் வண்டியைப் பெற்றுக்கொண்டு சான்று அளிக்கின்றன. புதிய வண்டியின் சாலை வரியில் சலுகை கேட்க அச்சான்று உதவும். காயலான் கடையின் விலை குறைவுதான். ஆனால் அவ்விலையோடு கதை முடிகிறது. யார் தலையிலும் அது தொடர்வதில்லை.

இனி ஒன்று. கண்டவனுக்குக் கடன் என்றோம். கண்டவர் உரிமையாளர் மட்டுமா? வண்ணம் அடித்த மெக்கானிக் கண்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்து வரும் கூலியாள் தளம் ஆடுவதைக் கண்டிருக்கிறார். பக்கத்தில் வண்டி நிறுத்துபவரும் கண்டிருக்கிறார். கூட்டத்தில் கேள்வி கேட்கப்பட்ட நாமும் இப்போது கண்டவர்களே. கண்ட அளவுக்கும் இயன்ற அளவுக்கும் தக்கபடி கடன் பங்காகும். பத்து வண்டிக்காரர்கள் நடை ஒன்றுக்குப் பத்து ரூபாய் பொதுவில் போட்டுவந்தால், யாருடைய எலும்பு முறியப் போகிறதோ அவருக்கு அந்நிதி கைகொடுக்கும். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி ஒருவர் வண்டியை மற்றவர் தட்டிப் பார்த்தால், தன் வண்டியைப் பார்க்க அஞ்சும் கண்ணுக்குப் பிறர் கண் துணையாகும். இத்தகைய கூட்டுறவு இல்லாதவிடத்து, தனியொருவனை நிறுத்தி 'நீ நேர்மையாக இரு. நட்டம் உன்னுடையது' என்று உபதேசிப்பது எளிது. எளியதாகையால்தான் அது பயனற்றதும் ஆகிறது. நல்வழியில் பிழைக்க வேண்டும் என்று ஒருவனுக்குச் சொல்பவர், அவன் அவ்வழியில் பிழைக்கத் தோள் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

ஆகவே, அன்பர்களே, துரு யாருடையது என்ற கேள்விக்கு நாம் தரும் விடை இது. பிறப்பால் அது கடலுக்கும் மழைக்கும் உரியது. கண்டபின் அது கண்டவருக்கு உரியது. அதை மறைத்துக் கைமாற்றினால் பணம் நம்மிடம் நிற்கும். துருவும் நம்முடையதாகவே நிற்கும். ஆபத்து மட்டும் அயலானுக்குப் போகும். அதை வெளியில் சொல்லிவிட்டால் சுமை பலர் தோளுக்குப் பங்காகும். வரும் மழைக்கு முன் ஒரு பழைய கோணியை விரித்து வண்டியின் அடியில் படுங்கள். சுத்தியல் ஒன்று, திருப்புளி ஒன்று போதும். அங்கே கேட்கும் ஓசை எதுவாயினும், அதை அடுத்தவருக்கும் உரக்கச் சொல்லுங்கள்.